கையால் செய்த வாட்ச் மூவ்மென்ட்: மேக்ரோ படத்தில் பெவல் ஏன் செத்துப்போகிறது?

சாய்விளிம்பு

வணக்கம். தனிக் கலைஞர் ஒருவர் தன் பட்டறையில் செய்த வாட்ச் ஒன்றைப் படமெடுக்கும் வேலை வந்திருக்கிறது. பின்பக்கம் சஃபையர் கண்ணாடி, மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயக்கம்) முழுக்கத் தெரியும். கையில் வைத்துத் திருப்பினால் பிரிட்ஜ்களின் (சக்கரங்களைத் தாங்கும் தகடுகள்) ஓரத்தில் ஓடும் பெவல், அதாவது மெருகேற்றிய சாய்வு விளிம்பு, பளிச்சென்று எழுகிறது, இருள்கிறது, மறுபடி எழுகிறது. படத்தில் அதே பெவல் வெறும் சாம்பல் பட்டையாகக் கிடக்கிறது.

என் அமைப்பு: 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், 1:1, எஃப்/8, கேமரா நேர்மேலே. சுற்றிலும் டிரேசிங் பேப்பர் கூடாரம், இரண்டு பக்கமும் எல்இடி. ஃபோகஸ் ஸ்டாக்கிங்கும் (ஃபோகஸை நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) செய்தேன். கூர்மையில் குறை சொல்ல முடியாது, ஸ்க்ரூ தலையின் வெட்டுக்குள் இருப்பது வரை தெரிகிறது. ஆனால் உயிர் இல்லை. 5:1 வரை போகும் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

ஆழப்புலம்

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள்.

1:1-இல் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. பரப்பைப் பிடிக்கிறது. கைக்கடிகார மூவ்மென்ட் பெரும்பாலும் 30 மி.மீ. விட்டத்தை ஒட்டியே இருக்கும், கிட்டத்தட்ட முழுதும் அடங்கிவிடும். 5:1-க்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது 7.2 × 4.8 மி.மீ. மட்டும். பேலன்ஸ் வீல்கூட (முன்னும் பின்னும் அலையும் சக்கரம்) முழுதாக வராது.

அப்புறம் அப்பர்ச்சர் கணக்கு. லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை (1 + உருப்பெருக்கம்) கொண்டு பெருக்கினால்தான் உண்மையான எண் வரும். 1:1-இல் எஃப்/8 என்பது எஃப்/16 மாதிரி நடந்துகொள்ளும். 5:1-இல் எஃப்/2.8 என்று முழுக்கத் திறந்து வைத்தாலும் ஏறக்குறைய எஃப்/17. டிஃப்ராக்ஷன் (சிறிய துளையால் வரும் மங்கல்) அங்கேயே காத்திருக்கிறது. (நிக்கான் கேமராவில் நிக்கான் மேக்ரோ லென்ஸ் போட்டால் திரையில் காட்டும் எண்ணிலேயே இந்தக் கணக்கு சேர்ந்திருக்கும். இருமுறை பெருக்கிவிடாதீர்கள்.)

கூர்மையாக விழும் ஆழம், 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை (இதற்குள் மங்கினால் கூர்மை என்றே கொள்ளும் எல்லை) அளவாக வைத்தால், உங்கள் அமைப்பில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5:1, எஃப்/2.8-இல் அதுவே 0.04 மி.மீ. இன்றைய சென்சாருக்கு இந்த மங்கல் வட்டம் தாராளமான கணக்கு, பாதியாக்கிக்கொள்ளுங்கள். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிய வேண்டும் என்பதால் 1 மி.மீ. ஆழத்துக்கே 60, 70 படம் வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய தொந்தரவு இடம். கேனான் எம்பி-ஈ 65 ஆனாலும் லாவா 25 மி.மீ. ஆனாலும், 5:1-இல் லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் இடையே சுமார் 4 செ.மீ.தான் கிடைக்கும். அந்தச் சந்தில் ஒளியை எங்கே நுழைப்பீர்கள்? மிட்டுடோயோவின் 5 மடங்கு, 10 மடங்கு மைக்ராஸ்கோப் அப்ஜெக்டிவ்கள் இரண்டும் 34 மி.மீ. தள்ளி நிற்கும். 10 மடங்குக்கு அது பெரிய தூரம். அதனால்தான் பலர் ஒரு 200 மி.மீ. டெலி லென்ஸின் முன்னால் அவற்றை மாட்டுகிறார்கள். ஆனால் உங்கள் சிக்கல் லென்ஸில் இல்லை.

நிழலட்டை

ஆழப்புலம் சொன்னது சரி. சிக்கல் கோணத்தில்.

மெருகேற்றிய உலோகத்துக்கென்று தனி நிறம் கிடையாது, எதிரே இருப்பதைத்தான் காட்டும். பெவல் பெரும்பாலும் 45 பாகைச் சாய்வு. கேமரா நேர்மேலே இருந்தால் பிரிட்ஜின் தட்டையான மேற்பரப்பு லென்ஸையே திருப்பிக் காட்டும். 45 பாகைப் பெவல் கிடைமட்டமாக வரும் ஒளியைத்தான் மேலே அனுப்பும். கிடைமட்டத்தில் உங்களிடம் என்ன இருக்கிறது? கேஸின் உள்சுவர். ஒளி அங்கே வரவே முடியாது. அதனால்தான் சாம்பல். கூடாரத்தை இன்னும் பெரிதாக்கினாலும், எல்இடியைக் கூட்டினாலும் இது மாறாது.

கேமராவையோ வாட்சையோ சாய்க்க வேண்டும். கேமராவை வலப்பக்கம் 20 பாகை சாய்த்தால், வலப்பக்கம் பார்த்திருக்கும் பெவல்களுக்கு ஒளி தொடுவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில், அதே வலப்பக்கத்திலிருந்து வந்தால் போதும். அது கேஸின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். 25 பாகை சாய்த்தால் ஒளி 25 பாகை உயரத்தில். எவ்வளவு சாய்க்கிறீர்களோ அவ்வளவு உயரம், நினைவில் வைக்க எளிது.

இதற்கு விலை உண்டு. இடப்பக்கம் பார்த்திருக்கும் பெவல்கள் அந்தச் சாய்வில் கண்டிப்பாக இருட்டுதான். அவற்றுக்குத் தேவையான ஒளி கிடைமட்டத்துக்கும் கீழே, தகட்டுக்கு அடியிலிருந்து வர வேண்டும். நடக்காத காரியம். எல்லாப் பெவலும் ஒரே நேரத்தில் மின்னும் படம் பார்த்தால் இரண்டு விதமாக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அல்லது கேஸிலிருந்து மூவ்மென்ட்டை வெளியே எடுத்து வைத்துப் படம்பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கூடாரத்தைக் கழற்றுங்கள். ஒரே ஒரு ஒளிப்பலகை, சாய்வான பக்கத்தில். எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை. அட்டைதான் முக்கியம். பெவல் பளபளப்பதாகத் தோன்றுவது அதன் பக்கத்தில் ஏதோ ஒன்று கறுப்பாக இருப்பதால்தான்.

சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாயும், ஸ்டாக் நீளும். டில்ட் லென்ஸ் கையில் இருந்தால் தளத்தை மூவ்மென்ட்டோடு படியவைக்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தூசிதட்டி

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு சர்குலர் போலரைசர் (ஒருதிசைப்பட்ட ஒளியை வெட்டும் ஃபில்டர்) மாட்டினால் கண்ணாடி மினுமினுப்பும் போகும், உலோகத்தின் கூச்சமும் போகும்.

நிழலட்டை

இரண்டும் போகாது, நண்பரே. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி போலரைசர் வெட்டும் அளவுக்கு ஒருதிசைப்படுவதில்லை. கண்ணாடியில் அது வேலை செய்யும், ஆனால் சஃபையருக்குச் செங்குத்திலிருந்து சுமார் 60 பாகை சரிந்து பார்க்கும்போதுதான் முழுப் பலன். 20 பாகையில் பெரிதாக ஒன்றும் நடக்காது, ஒளி மட்டும் குறையும். ஒளிமூலத்துக்கும் ஒரு போலரைசர் போட்டுக் குறுக்காக வைத்தால் உலோகத்தின் மினுக்கு மொத்தமாக அடங்கும். அப்போது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். அதற்கா இவ்வளவு பாடு?

கண்ணாடிப் பிரதிபலிப்புக்குக் கேமராவைக் கறுப்புத் துணியில் சுற்றுங்கள். லென்ஸ் வளையத்தில் இருக்கும் வெள்ளை எழுத்து கூடப் படத்தில் விழும்.

பழுதுமேசை

படமெடுக்கத் தெரியாது, வாட்ச் பிரித்துப் பழக்கம். நீங்கள் பேசும் பெவலை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஃபிலிப் துஃபூர் 2000-இல் கொண்டுவந்த ‘சிம்ப்ளிசிட்டி’யின் மூவ்மென்ட் படத்தைத் தேடிப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் வாலே து ஜூ பள்ளத்தாக்கில் தனியாக உட்கார்ந்து வேலை செய்பவர். அவர் பெவல் தட்டையாக இருக்காது, லேசாக உருண்டிருக்கும். அரத்தால் வடிவம் கொடுத்து, கல்லால் தேய்த்து, கடைசியில் ஜென்ஷன் செடியின் காய்ந்த தண்டில் மெருகுப்பசை தடவித் தேய்ப்பார். உருண்டிருப்பதால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதில் எங்காவது ஒரு மெல்லிய ஒளிக்கோடு கிடைக்கும். நிழலட்டை சொன்ன கணக்குக்கு இது ஒரு விதிவிலக்கு. தட்டையான பெவல் ஒரேயடியாக எரியும், இல்லாவிட்டால் ஒரேயடியாக அணையும். உருண்டதில் கோடு நகரும். சாய்விளிம்பு தம்பி, உங்களிடம் இருப்பது எது என்று முதலில் பாருங்கள். அப்புறம்தான் விளக்கு.

அடுத்தது உள்மூலை. இரண்டு பெவல்கள் உள்நோக்கிச் சந்திக்கும் இடம். சுழலும் வெட்டுக்கருவிக்கு ஒரு ஆரம் உண்டு, அது உள்மூலையில் வளைவைத்தான் விட்டுச்செல்லும். கத்திமுனைபோல் கூடுகிற மூலையை மனிதக் கைதான் அரத்தால் கொண்டுவர வேண்டும். வாங்குபவர்கள் முதலில் தேடுவதும் இதைத்தான். படத்தில் இது தெரியாமல் போனால் செய்தவரின் பல மணிநேரம் போயிற்று.

மூன்றாவது கறுப்பு மெருகு. எஃகுத் துண்டை வெள்ளீயத் தட்டில் வைரப் பசையோடு தேய்ப்பது. பரப்பு அவ்வளவு சமமாக இருப்பதால் ஒரு கோணத்தில் முழு வெள்ளை, ஒரு கோணத்தில் முழுக் கறுப்பு, நடுவில் சாம்பலே வராது. நாங்கள் சோதிப்பதும் இப்படித்தான்: லென்ஸைக் கண்ணில் மாட்டி, துண்டை மெதுவாகச் சாய்த்து, எல்லாம் ஒரே நொடியில் அணைகிறதா என்று பார்ப்போம். ஒரு மூலை முந்தி அணைந்தால் தட்டில் அழுத்தம் சமமாக விழவில்லை.

சாய்விளிம்பு

ஐயா, தட்டையான பெவல்தான். நிழலட்டை சொன்னபடி சாய்த்து, ஒற்றைப் பலகையும் கறுப்பு அட்டையும் வைத்து எடுத்தேன். வேறு வாட்ச் மாதிரி இருக்கிறது! மிக்க நன்றி.

இரண்டு கேள்வி. உள்மூலை இன்னும் தெளிவாகப் பிரியவில்லை, இரு பக்கமும் ஒரே வெள்ளை. இன்னொன்று வினோதம்: ஸ்டாக் செய்த பிறகு குமிழ்த்தலை ஸ்க்ரூக்களின் மேல் டிரேசிங் பேப்பரின் நார் தெரிகிறது. தனித்தனிப் படங்களில் அது இல்லை.

ஆழப்புலம்

நார் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இது ஸ்டாக்கிங்குக்கே உரிய நோய்.

தட்டையான கண்ணாடியில் தெரியும் பிம்பம், மூலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் ‘பின்னால்’ இருக்கும். உங்கள் பேப்பர் 10 செ.மீ. தள்ளி என்றால் பிம்பமும் 10 செ.மீ. உள்ளே. ஸ்டாக் அங்கே போகாது, அதனால் தட்டையான பகுதி தப்பிக்கிறது. ஆனால் குவிந்த பரப்பில் பிம்பம் பரப்புக்கு மிக அருகிலேயே, வளைவு ஆரத்தின் பாதிக்குள் வந்துவிடும். ஸ்க்ரூ தலையின் வளைவு ஆரம் சில மில்லிமீட்டர் என்றால், தலைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் பேப்பர் நாரின் கூர்மையான பிம்பம் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கீழ்த்தகடு வரை ஃபோகஸை இறக்கும்போது அதைக் கடந்துதான் போகிறீர்கள். மென்பொருளுக்கு உலோகம் எது, பிம்பம் எது என்று தெரியாது. கூர்மையாக இருப்பதைப் பொறுக்கும், அவ்வளவுதான்.

தீர்வு: ஸ்க்ரூ தலைகளுக்குத் தனியாக ஒரு குட்டி ஸ்டாக், தலையின் உச்சியிலிருந்து விளிம்பு வரை மட்டும். அதை முழு ஸ்டாக்கின்மேல் கையால் வரைந்து சேருங்கள். ஜெரீன் ஸ்டாக்கரில் ரீடச் பிரஷ் இதற்கென்றே இருக்கிறது. அதிலேயே பி-மேக்ஸ், டி-மேப் என்று இரு வழிகள். பி-மேக்ஸ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்புகளைப் பிரமாதமாகப் பிரிக்கும். ஆனால் நாய்ஸையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டும், மெருகுப் பரப்பில் இல்லாத கரகரப்பைக் கொண்டுவரும். டி-மேப் பரப்பின் நிறத்தை அப்படியே வைக்கும், விளிம்பில் சொதப்பும். நான் டி-மேப்பை அடியில் வைத்து, பல்சக்கர விளிம்புகளுக்கு மட்டும் பி-மேக்ஸிலிருந்து எடுப்பேன்.

நல்ல அக்ரிலிக் டிஃப்யூசர் போட்டால் நார் என்ற பேச்சே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நிழலட்டை

உள்மூலைக்கு: பலகை பெரிதாக இருப்பதால் இரண்டு பெவலும் அதையே பார்க்கின்றன. பலகையின் ஒரு பாதியை மறைத்துப் பாருங்கள், அல்லது வாட்சைத் தன் அச்சில் கொஞ்சம் சுழற்றுங்கள். ஒரு பெவல் வெள்ளை, அடுத்தது நடுச்சாம்பல் என்று வரும்போது சந்திக்கும் கோடு தானாகத் தெரியும். உண்மையான உள்மூலையில் வெள்ளை ஒரு கோட்டில் பட்டென்று நிற்கும். வளைந்த மூலையில் வெள்ளை வழுக்கிக்கொண்டே போய் மங்கும். பெரிய கூடாரத்தில் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கேட்லாக் படங்கள் பலவற்றைக் கூடாரத்தில் எடுப்பது தற்செயலா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, விடுங்கள்.

கைப்பேசிக்காரன்

மொபைலில் எடுப்பவர்களுக்கு ஏதாவது?

நிழலட்டை

லூப்பை (வாட்ச்காரர் கண்ணில் மாட்டும் உருப்பெருக்கி) லென்ஸுக்கு முன்னால் பிடித்து வீடியோ எடுங்கள். வாட்சை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே. கறுப்பு மெருகு விஷயத்தில் ஒரு நல்ல வீடியோ எங்கள் ஸ்டாக்கைவிட அதிகம் சொல்லும்.

தூசிதட்டி

போலரைசர் பாடத்துக்கு நன்றி. இப்போது என் சொந்தத் துறை: சுத்தம் செய்வது. 1:1-இல் தூசி பாறாங்கல்லாகத் தெரியும். புளோயர், ரோடிகோ (தூசியை ஒட்டி எடுக்கும் களி) எல்லாம் சரி, கடைசியில் கணினியில் தூசி, கீறல், ஸ்க்ரூ வெட்டோரத்துப் பிசிறு எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறேன். படம் படமாக இருக்க வேண்டும் அல்லவா?

பழுதுமேசை

தூசியைத் துடையுங்கள். பிசிறைத் துடைக்காதீர்கள்.

ஸ்க்ரூ வெட்டோரத்தில் பிசிறு இருந்தால் யாரோ பொருந்தாத முனையுள்ள திருப்புளியால் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். அது அந்த வாட்சின் வரலாறு. விற்பனைப் படத்தில் அதை அழித்தால் வாங்குபவரை ஏமாற்றுகிறீர்கள். கண்ணாடிபோல் சுத்தமாகத் துடைத்து அனுப்பப்பட்ட படத்தைப் பார்த்து ஒருவர் வாங்கி, என் மேசையில் பிரித்தபோது நான்கு ஸ்க்ரூவும் கடிபட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் அளவுகோல்: புளோயரால் ஊதினால் போகக்கூடியது எதுவோ அதைக் கணினியில் அழிக்கலாம். உலோகத்தில் இருப்பது இருக்கட்டும். (தயவுசெய்து டப்பாவில் அடைத்த காற்றை அடிக்காதீர்கள், திரவம் தெறித்தால் படலம் படியும்.)

தூசிதட்டி

விற்பனைப் படத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைஞரே தன் புது வாட்சுக்குப் படம் கேட்டால்? ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வாட்ச்தான் செய்கிறார். அவர் தன் வேலையை லூப்பில் பார்த்துத்தான் தேய்க்கிறார். நாம் 5:1-இல் எடுத்து, திரையில் இன்னும் பெரிதாக்கி, கோதுமை மணி அகலத்தில் ஒரு பெவலை நீட்டி “இதோ ஒரு நடுக்கம்” என்று வட்டம் போடுகிறோம். அது நியாயமா? அந்த நடுக்கத்தைத் துடைத்தால்தான் அவர் கண்ட வாட்ச் படத்தில் வருகிறது.

நிழலட்டை

துடைக்காமல் உருப்பெருக்கத்தைக் குறையுங்கள். லூப்பில் தெரியாததை எடுக்க யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

1985-இல் ஸ்வென்ட் ஆண்டர்சனும் வின்சென்ட் கலாப்ரேஸும் தனிக் கலைஞர்களுக்கான ஏஹெச்சிஐ அமைப்பைத் தொடங்கிய காலத்தில், இவர்கள் வேலையைப் பார்க்க ஆள் நேரில் போக வேண்டியிருந்தது. கையில் வாங்கி, சாய்த்து, பேசிவிட்டு முடிவெடுத்தார்கள். இன்று பலர் முதலில் பார்ப்பதே நாம் எடுக்கும் படம்தான். அதில் கையின் நடுக்கத்தைத் துடைத்துவிட்டால் மெஷின் வேலைக்கும் இதற்கும் படத்தில் என்ன வித்தியாசம் மிஞ்சும்? வாங்குபவர் காசு கொடுப்பதே அந்தக் கைக்குத்தானே.

தூசிதட்டி

நல்ல வாதம். இருந்தாலும் வாடிக்கையாளர் கேட்டால் துடைப்பேன்.

சாய்விளிம்பு

சண்டை வேண்டாம், எனக்கு நிறம் பற்றிச் சொல்லுங்கள். இந்த வாட்சின் பிரிட்ஜ்கள் ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை). நேரில் லேசான இளமஞ்சள், படத்தில் சுத்த எஃகு. நீல ஸ்க்ரூக்கள் சில கறுப்பாக விழுகின்றன.

நிழலட்டை

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த இளமஞ்சளைக் குறையென்று நினைத்துச் சரிசெய்துவிடுகிறது. சாம்பல் அட்டையை அதே ஒளியில் வைத்துக் கையால் அமையுங்கள். வாட்ச் கலைஞர் எஃப். பி. ஜூர்ன் 2004 முதல் மூவ்மென்ட் தகடுகளையும் பிரிட்ஜ்களையும் 18 காரட் ரோஸ் கோல்டில் செய்கிறார். அவற்றை ஆட்டோவில் எடுத்தால் பித்தளையா தங்கமா என்றே சொல்ல முடியாது.

நீல ஸ்க்ரூ என்பது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் சூடாக்கிய எஃகு. மேலே படியும் ஆக்சைடு படலம்தான் நீலம். அடியில் கண்ணாடி மெருகு இருப்பதால், எதிரே வெள்ளை இருந்தால் நீலம், கறுப்பு அட்டை இருந்தால் கறுப்பு. அந்த ஸ்க்ரூவை நோக்கி ஒரு சின்ன வெள்ளை அட்டைத் துண்டைச் சாய்த்து வையுங்கள், போதும்.

எல்லாப் பரப்பும் ஒற்றை ஒளியை விரும்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேன் தீவில் ரோஜர் ஸ்மித் செய்யும் வாட்ச்களில், அவர் குரு ஜார்ஜ் டேனியல்ஸ் வழியில், தகடுகள் ஃபிராஸ்டட் தங்கமுலாம். அந்தப் பொடிப்பொடி மேற்பரப்பு தாழ்ந்து வரும் ஒளியில் அழகாக எழும், பரவிய ஒளியில் மஞ்சள் பெயின்ட் அடித்தது போலாகும். கில்லோஷே டயல் (வரிவரியாகக் கோலம் வெட்டிய முகப்பு) இதற்கு நேர்மாறு, ஒளி தாழ்ந்தால் வெட்டுகளின் பாதி இருட்டில் போய் வடிவம் சிதையும். பரவிய ஒளியைக் கொஞ்சம் உயரத்திலிருந்து கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் குறைக்க வேண்டும்.

சாய்விளிம்பு

கடைசியாக ஒன்று. வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டாக் எடுத்தால் பேலன்ஸ் வீல் பேயாகத் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டால் நிற்குமா?

ஆழப்புலம்

முழுக்க நிற்காது. மணிக்கு 18,000 முறை அடிக்கும் மூவ்மென்ட், 10 மி.மீ. விட்டப் பேலன்ஸ், 280 பாகை வீச்சு என்று வையுங்கள். நடுவழியில் விளிம்பின் வேகம் நொடிக்கு 380 மி.மீ. சொச்சம். 1/10,000 நொடி ஃபிளாஷிலும் அது 0.04 மி.மீ. நகர்ந்துவிடும். 1:1-இல் சென்சாரில் அதுவே பத்து பிக்சல் அளவு மங்கல். ஒற்றைப் படத்தில் ஓட்டம் தெரியட்டும் என்றால் அது அழகுதான். ஸ்டாக்கில் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருக்கும், பேய்தான் மிஞ்சும்.

பழுதுமேசை

கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகு) இழுத்தால் நிற்கும் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனிக் கலைஞர்கள் எல்லோரும் அந்த வசதியை வைப்பதில்லை. இல்லையென்றால் சாவி தீரும்வரை ஓடவிட்டு, தானாக நின்றபின் எடுங்கள். பேலன்ஸை நிறுத்துவதற்காகக் கண்ணாடியைத் திறந்து எதையும் உள்ளே விடாதீர்கள். ஹேர் ஸ்பிரிங் வளைந்தால் படமெடுத்தவரும் கலைஞரும் சேர்ந்து அழ வேண்டியதுதான். நின்ற வாட்சை எடுக்கும்போது முள்கள் பத்து மணி பத்து நிமிடத்தில் இருக்கும்படி முன்பே பார்த்து வைப்பது உங்கள் பாடு.

சாய்விளிம்பு

கேட்டுவிட்டேன், கிரவுனை இழுத்தால் நிற்கும் வகைதான். நாளை ஸ்க்ரூ தலைகளின் குட்டி ஸ்டாக்கோடு தொடங்குகிறேன். பேலன்ஸ் வீலைத் தாங்கும் ‘பேலன்ஸ் காக்’ பிரிட்ஜை மட்டும் எஃப்/5.6-இல் தனியாக எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆழப்புலம்

எஃப்/5.6 என்றால் படத்துக்குப் படம் ஃபோகஸை நகர்த்தும் படியைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அதிர்வு குறைய, கேமராவில் எலக்ட்ரானிக் முதல் திரை ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள், மேசையை விட்டு எழுந்து நின்று எடுங்கள்.